இம்மியும் மைக்ரோவும்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

"இம்மியும் பிசகாமல்" என்று பேச்சில் சொல்கிறோம். அந்த இம்மி எவ்வளவு என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நானும் விழித்தவன்தான். சென்ற பருவத்தில் செய்முறை வகுப்பில் நான் செய்த ஒரு பிழை என்னை அந்த இம்மி வரைக்கும் இழுத்துச் சென்றுவிட்டது. மின்னழுத்தத்தின் சிற்றலகுகளான மில்லி வோல்ட், மைக்ரோ வோல்ட், நானோ வோல்ட் ஆகியவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது பற்றி இங்கே எழுத முற்படுகிறேன். "இது பள்ளிப் பாடமாயிற்றே" என்று இயற்பியல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பாடம் பள்ளியுடையதுதான், பிழை பட்டப்படிப்பிலும் கூடவே வருகிறது.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தாமிரக் கம்பியையும் ஒரு கான்ஸ்டன்டன் கம்பியையும் இரு முனைகளிலும் சேர்த்து, ஒரு சந்தியைப் பனிக்கட்டியிலும் மற்றொன்றைக் கொதிநீரிலும் வைத்தால், அந்தச் சுற்றில் மிகச் சிறியதொரு மின்னியக்கு விசை தோன்றும். 1821-இல் சீபெக் என்பவர் கண்ட உண்மை இது. இந்த அமைப்புக்கு வெப்ப மின்னிரட்டை என்று பெயர். இதில் தோன்றும் மின்னழுத்தம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 40 மைக்ரோ வோல்ட்தான். நம் வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரம் 230 வோல்ட். அதை மைக்ரோ வோல்ட்டில் சொன்னால் 23 கோடி! அவ்வளவு பெரியதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த நாற்பது எங்கே தெரியப்போகிறது? ஆகவேதான் பத்து மீட்டர் கம்பி கொண்ட மின்னழுத்தமானியின் துணையை நாடுகிறோம்.

அந்தக் கம்பியின் மின்தடை 10 ஓம் என்று கொள்வோம். 2 வோல்ட் சேமக்கலத்துடன் 1990 ஓம் மின்தடைப் பெட்டியைத் தொடராக இணைத்தால் மொத்தத் தடை 2000 ஓம். மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியர். கம்பியின் இரு முனைகளுக்கிடையே விழும் அழுத்தம் 10 மில்லி வோல்ட். பத்து மீட்டருக்குப் பத்து மில்லி வோல்ட் என்றால் ஒரு மீட்டருக்கு ஒரு மில்லி வோல்ட். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மைக்ரோ வோல்ட். இதன் அழகை நான் அப்போது கவனிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத மின்னழுத்தத்தை, மரப்பலகையில் நீட்டிக் கட்டிய கம்பியின் மேல் அளவுகோல் கொண்டு அளக்கும் நீளமாக அது மாற்றிக் கொடுக்கிறது.

பனிக்கட்டியை மீன் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்தோம். நெடிதான் தாங்க முடியவில்லை, மற்றபடி குறையில்லை. கால்வனாமீட்டரின் ஒளிப்புள்ளி நடுவில் வந்து நின்றபோது சமநிலை நீளம் 421.5 என்று படித்தேன். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மைக்ரோ வோல்ட் என்பது நினைவில் இருந்தது. மளமளவென்று 421.5 மைக்ரோ வோல்ட் என்று குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பத்துக்கு நீட்டினேன். பேராசிரியர் பார்த்தார்; சிவப்பு மையை எடுக்கவில்லை. "ஏம்பா, உன் கொதிநீரில் இறங்கிக் குளித்தால் ஜன்னி கண்டுவிடும் போலிருக்கிறதே?" என்றார். நூறு டிகிரிக்கு அட்டவணை தரும் மதிப்பு 4.28 மில்லி வோல்ட். நான் எழுதியதோ பதினோரு டிகிரிக்கு உரியது. தஞ்சாவூர் மார்கழிக் குளம்கூட அவ்வளவு குளிராது. நான் படித்த 421.5 சென்டிமீட்டரில், எழுதியதோ மில்லிமீட்டருக்குரிய அலகில். சரியான விடை 4215 மைக்ரோ வோல்ட், அதாவது 4.215 மில்லி வோல்ட். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எண்ணில் தவறினால் எனக்கு மட்டும் தவறியதாகத் தோன்றுவதில்லை.

அன்றிரவு வீட்டில் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு வோல்ட் தெரியாது. சென்டிமீட்டரில் அளந்து மில்லிமீட்டர் கணக்கில் எழுதிவிட்டேன் என்றேன். உடனே பிடித்துக்கொண்டார். "கலத்தால அளந்துட்டு மரக்கால் கணக்குல எழுதிட்டியாக்கும்? அப்புறம் வீட்டுக்கு நெல்லு எங்கேருந்துடா வரும்?" என்றார்.

நான் மூன்று பக்கம் எழுதியும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. ஒரு கலம் 12 மரக்கால். களத்தில் கிடக்கும் குவியல் ஐந்து கலம் என்றால் மரக்காலால் அளந்தாலோ அறுபது. அளவை சிறுத்தால் எண்ணிக்கை பெருக்கும், அளவை பெருத்தால் எண்ணிக்கை சிறுக்கும், குவியல் அதேதான். வோல்ட் கலமென்றால் மில்லி வோல்ட் மரக்கால். பெருக்குவதா வகுப்பதா என்று தடுமாறும் போதெல்லாம் இந்தக் குவியலை நினைத்துக்கொண்டால் போதும். 1.5 வோல்ட் டார்ச் மின்கலம் மில்லி வோல்ட்டில் 1500. மைக்ரோ வோல்ட்டில் 15 லட்சம். எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம், மின்கலம் பெரிதாகிவிடவில்லை.

குவியல் மாறாது என்பதை நம்பாததால் எங்கள் வீட்டில் ஒரு நாள் அடுப்பு எரியாமல் போனதுண்டு. எனக்கு அப்போது பதினான்கு வயது. எங்களுக்கு இருப்பது மூன்று மா நிலம். நம் பகுதியில் வேலி என்பது 20 மா. ஒரு மா 100 குழி. மூன்று மா சேர்ந்தால் ஏறத்தாழ ஓர் ஏக்கர். அப்பா வாங்கி வந்த பட்டாவில் 0.40.50 என்று இருந்தது. அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். புள்ளியும் நாற்பதும் கண்ணில் பட்டதும், அரை ஏக்கருக்கும் குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். அம்மா அழுதாள். அது ஹெக்டேர், ஏர் என்னும் அலகில் எழுதியது. நாற்பதரை ஏர் என்பது 0.405 ஹெக்டேர்; அதுவே நம் ஓர் ஏக்கர் என்று கண்டு சொல்ல எனக்கு மறுநாள் கணக்காசிரியரின் உதவி தேவைப்பட்டது. நிலம் இருந்த இடத்தில்தான் இருந்தது. கோல் மாறியிருந்தது, அவ்வளவே.

இனி சிற்றலகுகளின் பெயர்களுக்கு வருவோம். வோல்ட் என்னும் பெயர், 1800-இல் முதல் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்த இத்தாலியரான வோல்ட்டாவின் நினைவாக வந்தது. 1881-இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாட்டில் ஏற்கப்பட்டது. மில்லி என்பது ஆயிரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தும், மைக்ரோ என்பது சிறியது என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்தும், நானோ என்பது குள்ளன் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்தும் வந்தவை. ஆயிரத்தில் ஒன்று மில்லி. அதில் ஆயிரத்தில் ஒன்று மைக்ரோ. அதில் ஆயிரத்தில் ஒன்று நானோ. ஒவ்வொரு படிக்கும் புள்ளி மூன்று இடம் நகரும். 35 மைக்ரோ வோல்ட் என்பது 0.035 மில்லி வோல்ட், 0.000035 வோல்ட், கீழே இறங்கினால் 35,000 நானோ வோல்ட்.

இங்கே நம்மவர்க்கென்றே ஓர் இடறல் உண்டு. நாம் ஆயிரத்துக்குப் பின் லட்சம், கோடி என்று இரண்டிரண்டு இலக்கமாகக் காற்புள்ளி இடப் பழகியவர்கள். மில்லியும் மைக்ரோவும் மும்மூன்று இலக்கமாக இறங்குபவை. 42,15,000 நானோ வோல்ட் என்று நம் வழக்கப்படி எழுதினால், காற்புள்ளியைப் பார்த்து அது எத்தனை மைக்ரோ, எத்தனை மில்லி என்று சொல்ல வராது. 4,215,000 என்று எழுதினால் முதல் காற்புள்ளி மில்லி வோல்ட்டின் இடத்திலும் அடுத்தது மைக்ரோ வோல்ட்டின் இடத்திலும் தாமாகவே வந்து நிற்கும். லட்சமும் கோடியும் கடைவீதிக்கு இருக்கட்டும். ஆய்வகத்தில் மும்மூன்றாகவே எழுதுவது நல்லது என்பது என் கருத்து. இன்னொன்று கையெழுத்து. மைக்ரோவுக்குரிய கிரேக்க எழுத்து 'மியூ'. அவசரத்தில் கிறுக்கினால் அது மில்லிக்குரிய சிறிய 'எம்' ஆகிவிடும். மதிப்பு ஆயிரம் மடங்கு ஏறிவிடும். சிறிய 'எம்' பெரிய 'எம்' ஆனாலோ மில்லி மெகா ஆகி, நூறு கோடி மடங்கு!

இப்படி ஒரே சொல்லைச் சேர்த்துச் சேர்த்துக் கீழே இறங்கும் முறையை நான் மேனாட்டார் கண்டது என்றே எண்ணியிருந்தேன். தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர்தாம் "நம் பெரிய கோயில் கல்வெட்டைப் பார்த்ததில்லையா?" என்று கேட்டார். நூறு முறை அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறேன், கல்வெட்டுகளின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டு நடந்திருக்கிறேன், படித்ததில்லை.

பழந்தமிழ்க் கணக்கில் ஒன்றை இருபதாகப் பிரித்தால் மா. மாவை நான்காகப் பிரித்தால் காணி, அதாவது எண்பதில் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, பதினாறில் ஒன்று. காணியை நான்காகப் பிரித்தால் முந்திரி, அதாவது 320-இல் ஒன்று. வேலியில் இருபதில் ஒன்று என்பதால்தான் நம் வயலுக்கு மா என்னும் பெயரே வந்தது. இனிமேல்தான் வியப்பு. முந்திரிக்கும் கீழே போக வேண்டுமானால் புதுப் பெயர்களைத் தேடி அலையவில்லை. 'கீழ்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். கீழ் என்றால் அதற்குப் பின் வரும் பின்னமெல்லாம் 320-இல் ஒரு பங்கு என்று பொருள். கீழ்முந்திரி என்பது 320-இல் ஒன்றில் 320-இல் ஒன்று. 1,02,400-இல் ஒரு பங்கு. இன்னும் கீழே வேண்டுமா? இன்னொரு 'கீழ்'. நாம் ஆயிரம் ஆயிரமாக இறங்குகிறோம். அவர்கள் முந்நூற்றிருபது முந்நூற்றிருபதாக இறங்கினார்கள்.

முதலாம் இராசராசன் காலத்து நில அளவுகள் பெரிய கோயிலில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு வேலியில் 52,428,800,000-இல் ஒரு பங்கு வரைக்கும் அக்காலத்தில் கணக்கிட்டார்கள் என்று கல்வெட்டறிஞர்கள் எடுத்துக்காட்டுவதுண்டு. 320-ஐ 320-ஆல் மூன்று முறை பெருக்கி, வந்ததை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். இந்த எண் வரும். நானோ என்பது நூறு கோடியில் ஒரு பங்குதான். இதுவோ 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு! நானோவையும் தாண்டி ஐம்பது மடங்கு கீழே!

பெருமையாக இருக்கிறதல்லவா? எனக்கும் இருந்தது. பிறகு, பழக்கதோஷத்தால் கணக்கிட்டுப் பார்த்தேன். இன்றைய தஞ்சை வேலி ஏறத்தாழ 27,000 சதுர மீட்டர். அதை அந்த எண்ணால் வகுத்தால் வருவது சுமார் அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு நெல்மணியின் நுனியைக்கூட அதில் வைக்க முடியாது. எந்தக் கோலைக் கொண்டும் எந்த வயலிலும் இதை யாரும் அளந்திருக்க முடியாது. நீளத்தையும் அகலத்தையும் கோலால் அளந்து, பின்னங்களைப் பெருக்கி, கழித்து, பங்கிட்ட கணக்கர் கடைசிப் பின்னத்தையும் விடாமல் எழுதியிருக்க வேண்டும். கணக்கில் அவர் பிசகவில்லை. ஆனால் கணக்கில் வந்த இலக்கம் வேறு, கோல் கண்ட இலக்கம் வேறு.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், அலகு மாற்றும்போது நாமும் அதையேதான் செய்கிறோம். நம் ஆய்வகங்களில் உள்ள சாதாரண மல்டிமீட்டரின் 200 மில்லி வோல்ட் வீச்சில் கடைசி இலக்கம் 0.1 மில்லி வோல்ட். வெப்ப மின்னிரட்டையை அதில் நேராக இணைத்தால் 4.2 என்று காட்டும். அதை 4200 மைக்ரோ வோல்ட் என்று மாற்றி எழுதுவது கணக்குப்படி சரி. ஆனால் அந்தக் கடைசி இரண்டு சுழிகளை மீட்டர் பார்க்கவில்லை, நாம் வைத்தவை. 4215 ஆகவும் இருக்கலாம், 4180 ஆகவும் இருக்கலாம். இடையிலுள்ள வேறுபாடு 35 மைக்ரோ வோல்ட், ஏறக்குறைய ஒரு டிகிரி. அந்த ஒரு டிகிரியை மல்டிமீட்டரால் சொல்ல முடியாது. பத்து மீட்டர் கம்பியால் முடியும். என் 4215-இலும் கடைசி ஐந்து உறுதியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொடுசாவியை அரை சென்டிமீட்டர் இப்படியும் அப்படியும் நகர்த்தினாலும் ஒளிப்புள்ளி அசைந்ததாகவே எனக்குப் படவில்லை. ஆகவே திருத்தி எழுதிய குறிப்பேட்டில் 4.21 அல்லது 4.22 மில்லி வோல்ட் என்றே எழுதினேன். நானோ வோல்ட்டுக்கு மாற்றி 42,15,000 என்று பெரிதாக எழுதியிருந்தால் அழகாகத்தான் இருந்திருக்கும்!

இம்மியை மறந்துவிடவில்லை. கீழ்முந்திரியைப் பத்தரையாகப் பிரித்தால் ஒரு பங்கு இம்மி என்று பழைய வாய்பாடுகள் சொல்லும். 1,02,400-ஐப் பத்தரையால் பெருக்கினால் 10,75,200. மைக்ரோ என்பது பத்து லட்சத்தில் ஒன்று; இம்மி என்பது பத்து லட்சத்து எழுபத்தையாயிரத்து இருநூற்றில் ஒன்று. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. இனி யாராவது இம்மியும் பிசகவில்லை என்றால், மைக்ரோ அளவுக்குத் துல்லியமா என்று நாம் கேட்கலாம்.

சென்ற ஐப்பசி அடைமழையில் தாத்தாவுக்கு நெஞ்சு வலித்தது. இரவோடு இரவாக மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இ.சி.ஜி. எடுத்த தாளை என் கையில் கொடுத்து மருத்துவரிடம் காட்டச் சொன்னார்கள். நீண்ட வரிசையில் நின்ற அந்தக் கால் மணி நேரமும் அந்தக் கட்டத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் 10 மி.மீ. / மில்லி வோல்ட் என்று அச்சாகியிருந்தது. என் கம்பி போலவே இதுவும்! நெஞ்சின் மின்னழுத்தத்தை நீளமாக மாற்றிக் காட்டும் தாள். ஒரு சிறு கட்டம் ஒரு மில்லிமீட்டர், 0.1 மில்லி வோல்ட். 100 மைக்ரோ வோல்ட். தாத்தாவின் உயரமான அலை பதினோரு கட்டம் இருந்தது. 1.1 மில்லி வோல்ட், 1100 மைக்ரோ வோல்ட் என்று மனத்துக்குள் மாற்றினேன். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது; ஆனால் வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

மருத்துவர் அலையை முதலில் பார்க்கவில்லை. தாளின் தொடக்கத்தில் செங்கல் போல நிமிர்ந்து நின்ற ஒரு கோட்டைத்தான் பார்த்தார். நான் கேட்காமலே விளக்கினார்: அது இயந்திரம் தானே போட்டுக்கொள்ளும் ஒரு மில்லி வோல்ட் அடையாளம். பத்துக் கட்ட உயரம் இருக்க வேண்டும். சில சமயம் அலை தாளை மீறிப் போகாதிருக்க இயந்திரத்தை அரை அளவுக்கு வைத்திருப்பார்கள். அப்போது அது ஐந்து கட்டம்தான் இருக்கும். அதைக் கவனிக்காமல் அலையைப் படித்தால் நல்ல நெஞ்சும் பாதி நெஞ்சாகத் தெரியும். அடிக்கோடு ஓரிரு கட்டம் உயர்ந்தாலே கவலைப்பட வேண்டிய இடம் அது. ஓரிரு கட்டம் என்பது நூறு, இருநூறு மைக்ரோ வோல்ட்! தாத்தா நான்கு நாளில் வீடு திரும்பினார். மூளையின் மின்னழுத்தமோ இன்னும் சிறியது. தலையின் மேற்பரப்பில் அளந்தால் பத்திலிருந்து நூறு மைக்ரோ வோல்ட் வரையில்தான் பொதுவாக இருக்கும்.

நானோ வோல்ட்டை நம் ஆய்வகத்தில் காண முடியாது. இரு உலோகங்கள் சேரும் முனையில் விரல் பட்டுச் சூடேறினாலே மைக்ரோ வோல்ட் கணக்கில் மின்னழுத்தம் தோன்றி, நானோவை வெள்ளத்தில் மூழ்கிய நாற்று போல மறைத்துவிடும்.

வெள்ளம் என்றதும் வயல் நினைவு வருகிறது. நம் காலடியில் இருக்கும் சேற்றுக்கும் மில்லி வோல்ட் உண்டு. பிளாட்டின மின்முனையை மண்ணில் செருகி அளந்தால், காற்றோட்டமுள்ள காய்ந்த மண் சுமார் +400 முதல் +700 மில்லி வோல்ட் வரை காட்டும். தண்ணீர் கட்டிய நெல் வயலில் உயிர்வளி தீர்ந்து போக, நாளடைவில் இது சுழியைத் தாண்டி −250 மில்லி வோல்ட் வரைக்கும் இறங்கும். −150, −200 அளவுக்குக் கீழே போனதும் சேற்றில் மீத்தேன் குமிழியிடத் தொடங்குகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடச் சொல்வதில் தண்ணீர்ச் சிக்கனம் மட்டுமன்று, இந்த மில்லி வோல்ட்டும் அடங்கியிருக்கிறது.

முடிக்குமுன் நண்பர்களுக்கு ஒரு கணக்கு. மண்ணின் கார அமில நிலையைக் காட்டும் பி.எச். மீட்டரும் உள்ளுக்குள் ஒரு மில்லி வோல்ட் மீட்டர்தான். அதன் கண்ணாடி மின்முனை பி.எச். 7-இல் சுழியும், 25 டிகிரி வெப்பநிலையில் ஒவ்வோர் எண்ணுக்கும் சுமார் 59 மில்லி வோல்ட்டும் தரும். அமிலப் பக்கம் நேர்க்குறி, காரப் பக்கம் எதிர்க்குறி. கடைமடையிலிருந்து ஒருவர் கொண்டுவந்த மண்ணுக்கு மின்முனை −0.0885 வோல்ட் காட்டியது. அதை மைக்ரோ வோல்ட்டில் எழுதுங்கள், மண்ணின் பி.எச். எவ்வளவு என்றும் சொல்லுங்கள்.

விடை: −88,500 மைக்ரோ வோல்ட். மில்லி வோல்ட்டில் −88.5, அதில் 59 ஒன்றரை முறை அடங்கும், ஆகவே பி.எச். எட்டரை, காரப் பாங்கான மண். 88,500-இன் கடைசி இரண்டு சுழிகளை நம்ப வேண்டாம்.